பூட்டிய வீட்டுக்குள் எங்கேஜ்

அடுத்த வீட்டுச் சங்கதியில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. நான் இப்படிச் சொல்வதை என் மனைவி சாரதாமணி கேட்டால் சிரித்தே புரையேறிப் போவாள். அதனால் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். நானாகப் போய் நுழைத்ததில்லை. ஃபோன் வந்தது, நுழைத்தேன்.

புதுச்சத்திரத்தில் பழைய ரோட்டின் மேல் எனக்குக் கோழித் தீவனக் கடை. எதிர் வீடு செங்கோடனுடையது. ஊருக்குத் தெற்கே ஒன்றரை மைலில் அவருக்கு மூவாயிரம் முட்டைக்கோழி உள்ள பண்ணை. பகலெல்லாம் மனுசன் அங்கேதான் கிடப்பார். அவருடைய ஒரே மகன் தீனதயாளன், ரிக் வண்டியில் மேனேஜர். போர் போடும் லாரியோடு ராய்ப்பூர்ப் பக்கம் போனானென்றால் ஆனி மாதம் அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவான். மருமகள் சித்ரா. கல்யாணமாகி மூன்று வருசம், இன்னும் குழந்தை இல்லை.

அவர்கள் வீட்டுக்கு ஃபோன் வருவதற்கு முன்னால் என் கடை நம்பர்தான் அவர்களுக்கு பி.பி. நம்பர். ராய்ப்பூரிலிருந்து தீனதயாளன் கூப்பிட்டால், நான் ரோட்டைத் தாண்டிப் போய் "அம்மிணி, ஃபோனு" என்று சத்தம் போடுவேன். சித்ரா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வரும். அவர்கள் வீட்டுக்கே இணைப்பு வந்த பிறகு அந்த வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. உண்மையைச் சொன்னால், எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருசம், தை கடைசி. பனி விட்டு, பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்தது. மத்தியானம் ஒரு மணி தாண்டிக் கடையில் சோயாப் புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது.

"ஏனுங்ணா, தீனதயாளன் பேசறேன். எங்கூட்டு ஃபோன் அரை மணி நேரமா எங்கேஜாவே இருக்குது. வண்டி இன்சூரன்சு பேப்பரு ஊட்ல கெடக்குது, அதுல ஒரு நம்பரு வேணும். ஒரெட்டுப் போயி ஃபோன வெக்கச் சொல்லுங்ணா."

போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. இருந்தாலும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் கூப்பிட்டான்.

"ஊடு பூட்டியிருக்குதப்பா. சித்ரா பண்ணைக்குப் போயிருக்கும், உங்கப்பனுக்குச் சோறு கொண்டுக்கிட்டு."

"பூட்டியிருக்குதா? அப்பறம் ஆருங்ணா பேசறது?"

"ரிசீவர ஒழுங்கா வெச்சிருக்காது. அவசரத்துல போயிருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டான். நானும் மறந்துவிட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் ஃபோன். இந்தத் தடவை அவன் குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஏனுங்ணா, நேத்து மூணு மணிக்கு மேல போட்டேன், ரிங்கு போச்சு, அவளே எடுத்தா. இன்னிக்குப் பன்னெண்டே முக்காலுக்குப் போட்டேன், ரிங்கு போச்சு, ஆரும் எடுக்கல. ஒரு மணிக்குப் போட்டா எங்கேஜு. ரிசீவரு தானா எந்திரிச்சுப் படுக்குமாங்ணா?"

எட்டிப் பார்த்தேன். கதவில் அதே பூட்டு. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த வெயிலிலும் எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யார் யாரோடு பேசுவது?

"எதுக்கும் கொஞ்சம் கண்ணு வெச்சுக்கங்ணா" என்றான். "அவகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். கேட்டா உசாராயிருவா."

அன்றே நான் "அதெல்லாம் ஆகாது, உன்ற பொண்டாட்டிய நீயே கேளு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சரி தம்பி" என்றேன்.

சித்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் படித்த பெண். முன் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, சுற்றுவட்டாரத்து இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. காலையில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் டைப்பிங். அப்புறம் அரிசிம்பருப்புச் சோறோ, கொள்ளு ரசமோ ஆக்கித் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டரைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் பண்ணைக்குப் போகும். மாமனார் சாப்பிட்டதும் அவரோடு சேர்ந்து முட்டை பொறுக்கி அட்டைகளில் அடுக்கிவிட்டு மூன்று மணிக்குத் திரும்பும். வந்து முகம் கழுவியதும் மறுபடி டைப்பிங். அந்தப் பெண் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவன் ராசிபுரத்து மெக்கானிக் ஜெயபிரகாஷ். பைக்கில் முதுகுப் பையோடு வருவான், இருபத்தைந்து வயசிருக்கும். சட்டை கசங்காமல் இருப்பான். எனக்கு அதுவே பிடிக்காது.

நான் யோசித்துப் பார்த்தேன். பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் அவன் வந்து ஒரு மணி நேரம் உள்ளே இருந்தான். சித்ரா டீ போட்டுக் கொடுத்தது. அதற்குப் பிறகுதானே இந்த எங்கேஜ்?

சாரதாமணியிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். ராகிக் களியை வட்டலில் போட்டுக் கீரைக் கடைசலை ஊற்றிக்கொண்டே, "என்னத்தையோ மறைக்கறீங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

"நா அப்பவே நெனச்சனுங்க" என்றாள். எதையும் இவள் அப்போதே நினைத்திருப்பாள். "போன மாசம் நா அந்தக் கம்ப்யூட்டருப் பொட்டியப் பாக்கப் போனேன். டவுன்லோடு மேனேசருன்னு ஒண்ணப் போட்டு வெச்சிருக்குதாமா. இன்டர்நெட்டுல இருந்து பெரிய சாமானம் எதையாச்சும் எறக்கோணும்னா, லைனு பாதியில அந்து போயிருமாமா. இது அத பொட்டலம் பொட்டலமாப் பிரிச்சு எறக்குமாமா. உட்ட எடத்துல இருந்து மறுக்காப் புடிச்சுக்குமாமா. ராத்திரி ஒரு மணிக்குத்தான் லைனு காலியா இருக்குதுன்னு அதுக்கு நேரங் குறிச்சு வெச்சிருக்குதாமா."

"அதுக்கென்ன இப்போ?"

"ராத்திரி ஒரு மணிக்கு என்னங்க எறக்கறது? நல்ல சாமானத்தப் பகல்ல எறக்க மாட்டாங்களா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பதினேழு நாள். தினமும் ஒரு மணிக்கு ராய்ப்பூரில் ரிக் வண்டியைச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். மற்றவர்கள் சோறு தின்னும்போது தீனதயாளன் மட்டும் இரண்டு மைல் தள்ளி இருக்கும் பூத்துக்கு வருவான். முதலில் வீட்டுக்குப் போடுவான், எங்கேஜ். அப்புறம் எனக்குப் போடுவான். "பூட்டா?" "பூட்டுத்தான்." "ஆராச்சும் வந்தாங்களா?" "வல்ல." "பொடக்காலிப் பக்கம்?" "அங்கயும் பாத்தாச்சு, பின்கதவும் சாத்தித்தான் கெடக்குது." பேச்சு இவ்வளவுதான். பிறகு ராத்திரி ஏழு மணிக்கு அவனே வீட்டுக்குப் போட்டு, சித்ராவோடு கோழி, முட்டை, அப்பனுடைய முழங்கால் வலி என்று ஒன்றும் நடக்காத மாதிரி பேசுவான். சித்ரா சிரித்துப் பேசும் சத்தம் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். என்ன நடிப்பு நடிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்குள் பைப்படியில் விஷயம் பரவியாகிவிட்டது. நான் சாரதாமணி ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவளும் ஒருத்தியிடம்தான் சொன்னாளாம். சித்ரா குடத்தோடு போனால் பேச்சு நிற்கும், தாண்டிப் போனால் தொடரும். காலேஜ் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களையும் அவர்கள் வீட்டில் போக வேண்டாமென்று நிறுத்திவிட்டார்கள்.

பதினேழாம் நாள் தீனதயாளன் கேட்டான். "அந்த மெக்கானிக்குப் பையன் வந்தானாங்ணா?"

"பொங்கல் கழிஞ்சு வந்தான். ஒரு மணி நேரம் இருந்தான். டீயெல்லாம் நடந்துது."

டீயெல்லாம் என்று நான் ஏன் சொன்னேன்? நாக்கில் சனி. அவன் டக்கென்று ஃபோனை வைத்துவிட்டான்.

அதிலிருந்து மூன்றாம் நாள் பன்னிரண்டே முக்காலுக்குத் தீனதயாளன் என் கடையின் பின்வாசல் வழியாக உள்ளே வந்து நின்றான். சட்டையெல்லாம் செம்மண். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. லாரியிலும் ரயிலிலும் மாறி மாறி வந்திருக்கிறான்.

"அவ போய்ட்டாளா?"

"இப்பத்தான் போச்சு. சோறு உண்டயா தம்பி?"

"சோறு கெடக்குதுங்ணா." தீவன மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். இருவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு என் ஃபோனை எடுத்து வீட்டு நம்பரைப் போட்டான். என் காதில் வைத்தான். எங்கேஜ்.

"வாங்ணா" என்றான். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்தர்றேன்."

வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவன் பையில் இருக்கும். என்னைப் பொடக்காலிக் கதவுக்குக் காவல் நிறுத்தினான். யாராவது ஓடி வந்தால் பிடிக்க வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயசில், கையில் மண்வெட்டிக் காம்போடு, எதிர் வீட்டு முருங்கை மரத்தடியில் நான் நின்றேன். பக்கத்து வீட்டுச் சுவர் மேல் மூன்று தலைகள் தெரிந்தன. யாரும் ஓடி வரவில்லை. உள்ளே பீரோ திறக்கும் சத்தம், கட்டில் நகரும் சத்தம், பரணில் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு, "அண்ணா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டான்.

ரூமில் ஆள் இல்லை. கம்ப்யூட்டர் திரை கறுப்பாக இருந்தது. கீழே பெட்டி மட்டும் உம்மென்று இரைந்துகொண்டிருந்தது. ஃபோன் ரிசீவர் ஒழுங்காக அதனிடத்தில் கிடந்தது. தீனதயாளன் அதை எடுத்துக் காதில் வைத்து, உடனே என்னிடம் நீட்டினான். சரசரவென்று ஒரே இரைச்சல். பயந்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் டக்கென்று ஏதோ சொடுக்கியது. அவன் மறுபடி ரிசீவரை எடுத்தான்.

"அண்ணா... நம்பரு போவுதுங்ணா. ஆரோ நம்பர் போடறாங்க. இங்க ஆருமே இல்லீங்களே!"

அவன் முகத்தில் பேயறைந்த களை. அப்போதுதான் வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ பண்ணைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஃபோன் போட்டு, உங்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். சித்ரா மூச்சிரைக்க உள்ளே வந்தது. புடவையில் கோழித்தூசி. பின்னாலேயே மொபெட்டில் செங்கோடன்.

"நீங்களா? எப்ப வந்தீங்க? சொல்லவே இல்ல..." என்று சிரிக்கப் போன சித்ரா, திறந்து கிடந்த பீரோவைப் பார்த்தது, நகர்ந்து கிடந்த கட்டிலைப் பார்த்தது, என் கையிலிருந்த மண்வெட்டிக் காம்பைப் பார்த்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஆரத் தேடறீங்க?"

"தெனமும் ஒரு மணிக்கு இங்க எவன் பேசறான்?" என்றான் தீனதயாளன். "இருவது நாளா எங்கேஜு. ஊடு பூட்டியிருக்குது, ஃபோன் எங்கேஜா இருக்குது. எவனுக்குச் சாவி குடுத்து வெச்சிருக்கற?"

சித்ரா நேராகப் போய் ஒரு பட்டனை அமுக்கி மவுசைத் தொட்டது. திரையில் வெளிச்சம் வந்தது. ஒரு பெட்டி மாதிரி கட்டம், அதற்குள் ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருந்தது. சித்ரா அதையே பார்த்தது. பிறகு மூலையில் தெரிந்த கடிகாரத்தைப் பார்த்தது.

"இதுதானுங்க பேசிக்கிட்டு இருக்குது" என்றது. குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "காலேஜுப் பையன் ஒருத்தனுக்குப் பெரிய சாஃப்ட்வேர் எறக்கித் தரோணும், ஒரு மாசத்துக்குக் கிட்ட ஆகும். ராத்திரி ஒரு மணிக்குத் தானா லைனுப் போட்டு எறக்கிட்டு, மூணு மணிக்குத் தானா வெச்சுரும். அப்படித்தான் நேரம் வெச்சிருந்தேன். பொங்கல் கழிஞ்சு உள்ள மணி காட்டற பேட்டரி போயிருச்சுன்னு அந்த மெக்கானிக்குத் தம்பி வந்து மாத்திக் குடுத்துது. அப்பப் பகல் மணியா, ராத்திரி மணியான்னு பாக்காம மாத்தி வெச்சிட்டுப் போயிருக்குது. நானும் மணிய மட்டுந்தான் பாத்தேன், ஏயெம்மா பியெம்மான்னு பாக்கல. நமக்குப் பகலு ஒரு மணின்னா இதுக்கு ராத்திரி ஒரு மணி."

"லைனுப் போடறப்ப சத்தம் போடுமே அது, கீச்கீச்சுன்னு" என்றேன் நான். ஏதாவது சொல்ல வேண்டுமென்று சொன்னேன்.

"அது பேயி கத்தறாப்பல இருக்குதுன்னு நாந்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் செங்கோடன். அவர் கதவருகில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன்டா, இதுக்காடா வேலைய உட்டுப்போட்டு வந்த?"

தீனதயாளன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். பச்சைக் கோடு நகர்ந்தது. ரிசீவரை எடுத்துக் கேட்டான், இரைச்சல். பக்கத்தில் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சிரிக்க ஆரம்பித்தான். இருபது நாளாகச் சோறு செல்லாதவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அட கருமமே! ஒரு பொட்டிக்குப் போயி... சித்ரா, சோறு இருந்தாப் போடு. ரெண்டு நாளா உங்கல."

சித்ரா நகரவில்லை.

"தெனமும் ஏழு மணிக்கு எங்கிட்டப் பேசுனீங்களே. மத்தியானம் ஏன் எங்கேஜா இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா... நீ என்னமோ சொல்லுவ. நா எப்படி..."

"நா சொன்னா நம்பியிருக்க மாட்டீங்க. இப்ப இந்தப் பொட்டி சொல்லுச்சு, நம்பறீங்க." திரையைக் காட்டியது. "இன்னிக்குக் கரண்டு இல்லாம இருந்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

செங்கோடன் தரையைப் பார்த்தார். நான் மண்வெட்டிக் காம்பைச் சுவரில் சாத்திவிட்டு மெல்ல வெளியே நழுவினேன்.

வெளியே தெருவே கூடி நின்றது. நான் மூட்டியதை நானே அணைக்க வேண்டும் என்று நினைத்து உரக்கவே சொன்னேன். "ஒண்ணுமில்லப்பா. ஆரும் இல்ல. அந்தக் கம்ப்யூட்டரு தானா ஃபோன் பண்ணியிருக்குது."

ஒருத்தன் களுக்கென்று சிரித்தான்.

"மெசினு தானா ஃபோன் பண்ணுச்சாமா? ஆருக்குங்ணா, எங்கூட்டு மிக்சிக்கா?"

"நெசமாத்தான்டா. நா கண்ணால பாத்தேன். உள்ள நேரம் மாறியிருக்குது."

"அண்ணன் பொடக்காலீல நின்னுக்கிட்டு இருந்தாரு. அதுக்குள்ள முன்வாசல்ல எவன் போனானோ" என்றாள் சுவர் மேல் நின்ற ஒருத்தி.

நான் கத்தினேன். கத்தக் கத்த அவர்கள் என்னைப் பார்த்த பார்வை மாறிக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போனால் சாரதாமணி அடுப்படியில் இருந்து திரும்பியே பார்க்கவில்லை. முழுக்கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ஏயெம், பியெம், பேட்டரி, பச்சைக் கோடு, எல்லாம்.

"சரிங்க" என்றாள்.

"என்ன சரிங்க?"

"ஆளில்லாத ஊட்ல ஃபோனு தானா எந்திரிச்சுப் பேசுச்சு. சரிங்கறேன், உடுங்க. அந்தப் புள்ள அழுதிருக்கும், உங்களுக்கு மனசு எளகிப்போச்சு. எனக்குத் தெரியாதா உங்கள?"

"அது அழுவவே இல்ல புள்ள!"

"அழுவக்கூட இல்லீங்களா?" என்றாள். அதையும் அவள் ஒரு குற்றமாக எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

நான்கு நாள் சொல்லிப் பார்த்தேன். டீக்கடையில் சொன்னேன், பால் சொசைட்டியில் சொன்னேன். ஒரு ஆள்கூட நம்பவில்லை. தீனதயாளன் இரண்டு நாள் இருந்துவிட்டு ராய்ப்பூருக்குப் போய்விட்டான். போகும்போது என் கடைப் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் நானே எதிர் வீட்டுக்குப் போனேன். சித்ரா டைப் அடித்துக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றேன்.

"அம்மிணி, ஒரு ரோசனை. நாளைக்கு ஒரு மணிக்கு அந்தப் பொட்டிக்கு நேரம் வெச்சுட்டு, ஊட்டப் பூட்டிக்கிட்டு நீ எங்கடையில வந்து நில்லு. ஊரு சனம் அத்தனையையும் நா கூட்டிக்கிட்டு வாரேன். எல்லாத்து முன்னாலயும் நா ஃபோனப் போடறேன். எங்கேஜுன்னு அவங்கவங்க காதுலயே கேக்கட்டும். அப்பறம் ஒருத்தன் வாயத் தொறப்பானா?"

சித்ரா அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத் திரும்பியது.

"நிக்கறனுங்ணா. அடுத்த மாசம் வேற ஆராச்சும் வேற ஏதாச்சும் சொன்னா, அப்பவும் வந்து நிக்கோணுமா?"

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நா எங்கியும் வந்து நிக்கலீங்ணா. அவருக்குக் காட்டுனதே எனக்கு ஆறல." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தது. கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. "நாலு நாளா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்களாமா. ஆரும் நம்பலையாமா."

"ஆமா சாமி. உள்ளதச் சொல்றேன், ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். வவுறு எரியுது."

"எப்படி இருக்குதுங்ணா?" என்று கேட்டது சித்ரா.

உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டது. பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, சித்ரா திரும்பி அடுத்த வரியை அடிக்கத் தொடங்கியது.